கொள்ளுச் செடியில் இரண்டு தடங்கள்

உங்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் மீது கொண்ட ஆசையால் இந்த விற்பனைப் பணிக்கு வந்திருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவனல்லன். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, புதுக்கோட்டையில் ஒரு ஷோரூமில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். வீட்டுக்கு வீடு சென்று மக்களின் தேவையைக் கேட்டறியப் பயிற்சி பெற்றவன், வாசலுக்கு வருகிறவர்களிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை.

வண்டியின் விவரங்களை நான் சொல்லித் தரப்போவதில்லை. அவை உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. வாங்க வருகிறவரின் கைப்பேசியிலும் இருக்கின்றன. அங்கே கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். எதிரில் நிற்பவர் ஒரு கேள்வி கேட்பார். நம்முடைய பதில் அவருடைய வீட்டுக்குள் போய், வண்டி பழசான பிறகும் இருந்துகொண்டிருக்கும். அந்தப் பதிலைச் சொல்ல நமக்குக் கிடைப்பதோ ஒரு மூச்சு நேரம்.

என் பணிக்காலத்தின் இறுதிப் பகுதியில் எங்கள் ஷோரூமுக்கு இரட்டை வண்டிகள் வந்தன. ஒரே எஞ்சின், ஒரே சட்டகம். ஒன்றுக்கு முன்னாலும் பக்கங்களிலும் மூடிய கவசம், ஹேண்டில் தாழ்ந்திருக்கும், ஓட்டுபவர் டேங்கின்மேல் படிந்து கிடக்க வேண்டும். பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்தது. மற்றதற்குக் கவசம் கிடையாது; எஞ்சின் வெளியே தெரியும்; ஹேண்டில் உயரம்; நிமிர்ந்து உட்காரலாம். தெருவுக்கென்று செய்தது. ஆங்கிலப் பெயர்களை விட்டுவிட்டு நாங்கள் அவற்றை ‘மூடினது’, ‘திறந்தது’ என்றே அழைத்தோம்.

இரண்டையும் அருகருகே நிறுத்தி முதன்முதலாகப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஒரே பொறியாளர் கூட்டம், ஒரே இரும்பை எடுத்து, மனிதனைப் பற்றி இரண்டு விதமாக யோசித்திருக்கிறது. ஒன்றில் அவன் காற்றைக் கிழிக்கப் பிறந்தவன். மற்றதில் அவன் வழியில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போகிறவன். இயந்திரத்தைப் பார்த்து எனக்கு உடல் சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் விற்பனை என்று வந்தால் என் நிலை தெளிவாக இருந்தது. எனக்கு முன் மேலாளராக இருந்தவர், வண்டி வாங்க வரும் எவரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: “இதுல வேற யாரெல்லாம் ஏறுவாங்க?” பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்து வரச் சொல்வார், அவர் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் பேச்சு முடியாது. அந்த வழக்கத்தை நானும் விடவில்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? மூடினதைக் கேட்டு வந்த இளைஞர்களில் மிகப் பலர் திறந்ததோடு வீட்டுக்குப் போனார்கள். நம் சாலைகளில் ஆடு குறுக்கே வரும், எச்சரிக்கைப் பலகை இல்லாத வேகத்தடை வரும், எதிரே வரும் பேருந்து தன் பக்கத்தையும் நம் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்தவனுக்குத்தான் இவை முன்கூட்டித் தெரியும். இதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அப்படியிருக்கும்போதுதான் அபிநயா வந்தாள்.

இலுப்பூர்ப் பக்கத்துப் பெண். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. கூடவே அப்பாவும் அம்மாவும். அப்பா அடைக்கலம், நம் ஊரில் ‘சின்ன யானை’ என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதும் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுவதும் அவர் தொழில். அம்மா இந்திராணி. வீட்டிலிருந்த பழைய மொபெட் இனி ஓடாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டதால் புதிய வண்டி தேவை. மகள் வேலைக்குப் போக, அம்மா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பின்னால் உட்கார்ந்து வர, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அபிநயா சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தயத் தடத்தில் ஒரு தொடக்கப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர் அவளைத் தனியே அழைத்து, அடுத்த பருவத்தில் பெண்கள் பிரிவில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகவும், சொந்த வண்டியோடு வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பிரிவில் மூடினதுக்குத்தான் அனுமதி. திறந்ததை வாங்கினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

வழக்கப்படி இந்திராணியம்மாவை மூடினதின் பின்னால் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. இருக்கையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது உக்காரவா, ஊறுகா வைக்கவா?”

“அம்மா, சும்மா ஏறிப் பாரும்மா” என்றாள் அபிநயா.

“எங்கிட்டு ஏற? ஒன் தோளு மேலயா? பஸ்ஸு கூரையில உக்காந்து போற மாதிரி போவேன், ஊரே பாக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவங்க. இந்தப் புள்ளைக்கு அந்தத் தொறந்த வண்டியைச் சொல்லுங்க. அதுல நா பாட்டுக்கு ஒரு பக்கமா உக்காந்துக்கிருவேன்.”

அடைக்கலம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். “ரெண்டையும் ஓட்டிப் பாக்கட்டும். பெறகு பேசுவோம்” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

அன்னவாசல் வரை போய்த் திரும்புவது என்று முடிவு செய்தோம். போகும்போது அவள் மூடினதில், நான் திறந்ததில், திரும்பும்போது மாற்றிக்கொள்வோம். மகளைத் தனியே அனுப்ப இந்திராணியம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே அடைக்கலம் தன் சரக்கு வண்டியில் மனைவியோடு எங்கள் பின்னால் வந்தார். சோதனை ஓட்டத்துக்கு இப்படி ஊர்வலமாகப் போன எங்களை ஊழியர்கள் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினார்கள்.

தை மாதக் கடைசி. அந்தப் பருவத்தில் நம் மாவட்டத்துச் சாலைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அறுத்த கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலேறி மிதிக்க மிதிக்க மணி உதிரும். கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இது ஒன்றுமில்லை. இரு சக்கரத்துக்கு இதைவிடக் கொடிய தரை கிடையாது. மேலே வழுக்கும் செடி, அடியில் உருளும் மணி. அதன்மேல் பிரேக் பிடித்தவரும் ஹேண்டிலைத் திருப்பியவரும் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுந்திராதவர்களின் வீடுகளுக்கும் போய் வந்திருக்கிறேன்.

அபிநயா எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அதிக வேகமில்லை. ஒரு சிறு பாலத்தைத் தாண்டினால் சாலை இடப்பக்கம் வளைகிறது. வளைவை மறைத்துக்கொண்டு கருவேலம் புதர். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எனக்குப் புதருக்கு மேலே இரண்டு பெண்களின் முக்காடிட்ட தலைகள் தெரிந்தன. சாலை நடுவில் தலைகள் என்றால் கொள்ளு என்று பொருள். நான் ஹாரனை அழுத்தினேன். டேங்கோடு படிந்திருந்த அவளுக்கு அந்தத் தலைகள் தெரிய வாய்ப்பில்லை. அவள் வளைவுக்குள் போய்விட்டாள்.

நான் வளைவை அடைந்தபோது சாலையின் முழு அகலத்துக்கும் செடி கிடந்தது. அப்போதுதான் கவைக்கம்பால் புரட்டிப் போட்டிருந்தார்கள்; வைக்கோல் மெத்தை போல உப்பியிருந்தது. அதற்குள் அவள் நுழைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கணத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் பிரேக்கைத் தொடவில்லை, பின்விளக்கு எரியவில்லை. வளைவில் சாய்ந்திருந்த வண்டி, செடிக்கு ஒரு கை தூரம் முன்னால் நேராக நிமிர்ந்தது. எஞ்சினின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் தோள்கள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பயந்தால் நமக்கெல்லாம் தோள் இறுகும். அவளுக்கு அது தளர்ந்தது. வண்டியைப் பிடித்து அடக்காமல், அதன் போக்கை அதற்கே விட்டுக்கொடுத்தாள். சக்கரத்துக்கடியில் செடி நொறுங்கும் மெல்லிய சத்தம். அவ்வளவுதான். ஊருணித் தண்ணீரில் வாத்து போவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் கைகூப்பியிருப்பேன்.

நிற்கத்தான் முடியவில்லை. அவளைப் பார்த்த பதற்றத்தில் எல்லா அறிவும் மறந்து நான் பிரேக்கைத் தொட்டுவிட்டேன். முன்கூட்டியே பார்த்தவன், நிமிர்ந்து உட்கார்ந்தவன், தெருவுக்கென்றே செய்த வண்டியில் வந்தவன். பின்சக்கரம் ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் போனது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தவளை போல் தத்தித் தத்தி ஒருவாறு கரை சேர்ந்தேன்.

கவைக்கம்போடு நின்ற மூத்த பெண் அவளை நோக்கி ஓடினார்.

“ஏப்பா! கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்க? மனுசருக நிக்கிறது தெரியல?”

அபிநயா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த அம்மாள் கம்பைக் கீழே ஊன்றினார்.

“அடி ஆத்தி, பொம்பளப் புள்ளடி!”

மற்றவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொம்பளப் புள்ளன்னா என்ன? செடி நோகாமப் போயிருக்கு பாருக்கா. அந்தா வந்தாரு பாரு ஒரு ஆளு, கோழி கெளறுன மாதிரி.”

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். அபிநயாவும் பார்த்தாள். புரட்டிப் போட்ட செடியின்மேல் வேறு வண்டி எதுவும் ஏறியிருக்கவில்லை. ஒரு தடம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் கிடந்தது. அதன் பக்கத்தில் என் தடம். பாம்பும் அப்படி நெளியாது.

அவள் தன் தடத்தின் தொடக்கம்வரை நடந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு வண்டியருகே திரும்பி வந்தாள். நான் அருகில் போனேன். முகத்தில் பெருமையின் சாயல் சிறிதும் இல்லை.

“சார், கொள்ளு கெடக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?”

“பாலத்துக்கிட்டயே தெரிஞ்சிருச்சும்மா. இவங்க தலை தெரிஞ்சுது.”

“எனக்கு எலை கண்ணுக்குத் தெரியிறப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள வந்துட்டேன்.”

“எப்படிம்மா பிரேக்கைத் தொடாம இருந்த?”

“கோடையில எங்க கம்மா காஞ்சு போயி வெடிச்சுக் கெடக்கும்ல சார், அதுலதான் மொபெட்டு ஓட்டிப் பழகுனேன். வெடிப்புல பிரேக் அடிச்சா மூஞ்சிதான் போகும். அது பழக்கந்தான்.” அந்த மூத்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். “ஆனா தெனமும் டூட்டிக்குப் போகணுமே. இந்தா, இந்த அக்கா ரெண்டு அடி தள்ளி நின்னிருந்தா? நா தப்பிச்சிருப்பேன், அவங்க?” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “தொறந்ததையே எடுத்துக்கலாம் சார்.”

இளம் நண்பர்களே, நான் விரும்பிய பதில் அது. நான் எத்தனையோ பேரிடம் வாதாடிப் பெற்ற முடிவுக்கு அவள் தானாகவே வந்து சேர்ந்துவிட்டாள்; அதிலும் தனக்கு என்ன நேரும் என்பதைவிடச் சாலையில் நிற்பவளுக்கு என்ன நேரும் என்று எண்ணி வந்து சேர்ந்தாள். சமூகப்பணி வகுப்பில் முழுப் பருவமும் சொல்லிக்கொடுக்க முயல்வது இதைத்தான். நான் ‘சரி’ என்று தலையசைத்தால் போதும். விற்பனை முடிந்தது, மனச்சாட்சியும் உறுத்தாது. ஆனால் அப்படிச் சொன்னபோது அவள் கை மூடினதின் டேங்கின்மேல் இருந்தது. எடுக்க மனம் வராத கை.

இதற்குள் சரக்கு வண்டி வந்து நின்றிருந்தது. அடைக்கலம் இறங்கினார். செடியில் கிடந்த இரண்டு தடங்களையும் பார்த்தார். “எது பாப்பா போனது?” என்று அந்தப் பெண்களைக் கேட்டார். அவர்கள் காட்டினார்கள். பிறகு என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“சார், நெசத்தைச் சொல்லுங்க. எம்புள்ளைன்னு பாக்காதீங்க, விக்கிறதுன்னும் பாக்காதீங்க. அந்தப் பயிற்சிக்காரரு சும்மா ஆசை காட்டுறாரா, இல்ல இவளுக்கு மெய்யாவே கை இருக்கா?”

நான் சொன்ன அந்த ஒரு மூச்சு நேரம் இதுதான்.

இருக்கிறது என்று சொன்னால், இந்த மனிதர் மூடினதை வாங்கிக்கொடுத்துவிடுவார். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது. அவள் அதில் தினமும் இந்தச் சாலையில் போவாள். இன்னும் எத்தனையோ தை மாதங்கள் வரும், எத்தனையோ வளைவுகளில் கொள்ளு கிடக்கும். ஏதோ ஒரு நாள் அந்த அக்கா இரண்டடி தள்ளி நிற்பார். சாதாரணமாகத்தான் ஓட்டுகிறாள் என்று சொன்னால், எல்லாரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள். அவளும் தன் திறமை அந்தக் கண்மாயோடு முடிந்தது என்று எண்ணிக்கொண்டு காலம் முழுக்கப் பத்திரமாக இருப்பாள். விளைவுகளை எடைபோடப் படித்தவன் நான். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் என்னிடம் எந்த வண்டி நல்லது என்று கேட்கவில்லை. தன் மகள் யார் என்று கேட்டார். அதற்குப் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நன்மைக்காகச் சொல்லும் பொய்யானாலும், ஒருத்தியின் திறமையை அவளைப் பெற்றவரிடம் மறைப்பது திருட்டு.

“அண்ணே,” என்றேன். “என் சர்வீஸ்ல இப்படி ஓட்டி நான் யாரையும் பாத்ததில்ல. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எனக்கு மூச்சே நின்னு போச்சு. கை இருக்கு. சந்தேகமே இல்ல. ஆனா அந்த வண்டி இந்த ரோட்டுக்கு ஆகாது. அதையும் நிஜமாத்தான் சொல்றேன்.”

நான் சொன்னதில் முடிவு எதுவும் இல்லை என்பதை அறிவேன். இரண்டு உண்மைகளை ஒன்றோடொன்று மோதும்படி அவர் கையில் வைத்துவிட்டேன். தீர்வு தெரியாதபோதும் இரண்டையும் சேர்த்தே கொடுப்பதுதான் நம் கடமை. ஒன்றை ஒளித்துவைத்து மற்றவருக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அடைக்கலம் வெகுநேரம் யோசிக்கவில்லை. தன் சரக்கு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“ரோட்டுல எறங்குனாத்தான சார்?”

எனக்குப் புரியவில்லை.

“மூடுனதையே எடுப்போம். வீட்டுல நிக்கட்டும். ஓட்டணும்னா அந்தத் தடத்துல ஓட்டட்டும். இங்கேருந்து அங்க வரைக்கும் நா ஏத்திக்கிட்டுப் போறேன். ஊரார் பீரோவு கட்டிலெல்லாம் ஏத்துறேன், எம்மக வண்டியை ஏத்த மாட்டேனா?”

“அப்பா, அப்ப டூட்டிக்கு?” என்றாள் அபிநயா. வண்டியைத் தள்ளிக்கொண்டு எப்போது அருகில் வந்தாள் என்று தெரியவில்லை.

“பஸ்ஸு எதுக்கு விட்டிருக்கான்? படிக்கிறப்ப நாலு வருசமும் அதுலதான போன?”

இந்திராணியம்மா இறங்கி வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “அப்ப வீட்டுக்கு வண்டி?”

“நீ என் பக்கத்துல முன்னாடி உக்காந்து வா. கோயிலுக்கும் அதுலயே போவோம்.”

“கத்திரிக்கா மூட்டையோட மூட்டையா?” அவர் குரல் உயர்ந்தது. “அங்க இவ விழுந்து கெடந்தா யாரு பாக்குறது?”

தடத்தைப் பற்றி நான் விளக்கினேன். ஆடு மாடு கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது, தோலாடை கட்டாயம், மருத்துவர் அங்கேயே இருப்பார், எதிரே யாரும் வரமாட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எதுத்தாப்புல யாரும் வரலைன்னா எதுக்கு சார் இம்புட்டு வேகமாப் போகணும்?”

அபிநயா சிரித்துவிட்டாள். கவைக்கம்பு வைத்திருந்த பெண்களும் சிரித்தார்கள். இந்திராணியம்மா சிரிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் ஏறிக்கொண்டார்.

இப்போது அவள் அந்தப் பெண்கள் பிரிவில் ஓட்டுகிறாள். எத்தனையாவதாக வருகிறாள் என்று நான் விசாரிப்பதில்லை.

வண்டியை ஒப்படைத்த நாளில் ஒரு குழப்பம் நேர்ந்தது. பூமாலை சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே புறப்படுவது எங்கள் வழக்கம். இந்த வண்டியோ தெருவில் ஓடப் போவதில்லை. பழத்தை எங்கே வைப்பது என்று ஊழியர்கள் விழித்தார்கள். அடைக்கலம் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் சரக்கு வண்டியின் முன்சக்கரத்தடியில் வைத்தார். பிறகு பலகை சாய்த்து, மூடினதை மேலேற்றி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார். அபிநயா முன்னிருக்கையில் ஏறினாள். புறப்படும் நேரத்தில் இந்திராணியம்மாவைக் காணவில்லை.

அவர் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சரக்குத் தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புதிய வண்டியின் தாழ்ந்த ஹேண்டிலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“அம்மா, நாலு பக்கமும் கயிறு கட்டியிருக்கும்மா. ஆடாது. முன்னாடி வாங்க” என்றேன்.

“கயித்துக்கு என்ன சார் தெரியும்?” என்றார். “நீங்க போங்க. நா புடிச்சுக்கிறேன்.”

எலுமிச்சம்பழம் நசுங்கியது. இலுப்பூர் சாலையில் அந்த வண்டி மெதுவாக, மிக மெதுவாகப் போவதைக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பிடியை விடவே இல்லை.